இமயப் பாதையில் கற்ற பாடம்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன் நான். இமயமலையைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன்; அதனை நேரிற் காணும் பேறு ஓய்வு பெற்ற பின்னரே வாய்த்தது. ஒரு கோடையில், மணாலியிலிருந்து லடாக்கிலுள்ள லே நகருக்கு வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாப் பேருந்தில், இருபது பேருள் ஒருவனாகப் புறப்பட்டேன்.

மணாலிக்கு வடக்கே, ரோதாங் கணவாயின் அடியிற் குடைந்த அடல் சுரங்கப்பாதை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் நீளம் 9 கிலோமீட்டர். நுழையுமிடத்தில் பசுமை. அப்பாற் செல்லச் செல்ல வறண்ட மலைச்சரிவுகள். பருவக்காற்று கொணரும் மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று நான் சொல்லிவந்த பாடம் கண்முன் விரிந்தது.

எங்கள் வழிகாட்டி அம்மலைநாட்டிலேயே பிறந்த இளைஞர். சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள கேலாங்கில் எங்களை இரண்டு இரவுகள் தங்கவைத்தார். நாள் வீணாகிறதென்று சிலர் முணுமுணுத்தோம். அவரோ, “உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எது கண்டாலும் உடனே சொல்லுங்கள். மறைப்பதொன்றே இங்கே குற்றம்” என்றார்.

இதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். மலைமேலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு 21 தான். ஆனால், உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,000 மீட்டருக்கு அருகில் அது கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதியளவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகிறது. இளமையோ உடல்வலிமையோ இதற்குக் காப்பாவதில்லை. இதையெல்லாம் வகுப்பில் விளக்கியவன்தான் நான்.

மூன்றாம் நாட் காலை மேலேறினோம். என் அருகில் நம் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அமர்ந்திருந்தார். “ஐயா, தலை மிகவும் வலிக்கிறது” என்றார். என் பழைய வழக்கம் நாவில் வந்துவிட்டது. “இளம் வயதில் இதற்கெல்லாம் தளரலாமா, தம்பி? பல்லைக் கடித்துக்கொண்டு இரு. ஒருவரால் எல்லோருடைய பயணமும் தடைப்படலாகாது” என்றேன். சிறிது தூரம் சென்றதும் வழிகாட்டி ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தார். அம்மாணவர் என் முகத்தைப் பார்த்தார். பின்பு, “ஒன்றுமில்லை” என்றார்.

பாகா நதி பிறக்கும் சூரஜ் தால் என்னும் ஏரி ஏறத்தாழ 4,880 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீல நீரைக் காண எல்லோரும் இறங்கினோம். அம்மாணவர் மட்டும் தள்ளாடினார். வழிகாட்டி அவரை, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாம் அடியிலேயே விழுந்தார். அக்கணமே பிராணவாயு கொடுத்து, பேருந்தைக் கீழ்நோக்கித் திருப்பச் செய்தார் வழிகாட்டி. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கேலாங்கில் மருத்துவர், “மூளையில் வீக்கம் தொடங்கியிருந்தது, மேலேயே இருந்திருந்தால் உயிருக்கே ஆபத்து” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் வழிகாட்டியிடம் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “அவரிடமும் சொல்லிவிடுங்கள், ஐயா” என்றார். சொன்னேன். பேரன் வயதுடைய அம்மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேறிய அவர், தம் நண்பருடன் மணாலிக்கு இறங்கினார்.

மீண்டும் புறப்பட்ட நாங்கள் 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா கணவாயை அடைந்தோம். வழிகாட்டி வழக்கம்போல் விசாரித்தார். “எனக்குத் தலை வலிக்கிறது” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அங்கே நெடுநேரம் நில்லாமல் சிந்து நதிப் பள்ளத்தாக்கை நோக்கி விரைந்து இறங்கினோம். இறங்க இறங்க வலியும் நீங்கிற்று.

மாணவச் செல்வங்களே, பொறுமை நல்ல குணந்தான். ஆனால் துன்பத்தை உரியவரிடம் உரிய வேளையிற் சொல்வது கோழைத்தனமன்று. பெரியவர் ஒருவர் முகஞ்சுளிப்பாரே என்று அஞ்சி உண்மையை விழுங்கிவிடாதீர்கள். அப்பெரியவர் என்னைப் போன்ற ஆசிரியராக இருந்தாலும், துணிந்து சொல்லுங்கள்.