மூச்சுக்கு வேலி



மாந்தன் உண்பதை முகர்ந்து பார்த்து உண்கின்றான். குடிப்பதை வடிகட்டிக் குடிக்கின்றான். காற்றை மட்டும் அவனால் தெரிந்தெடுத்து உயிர்க்க இயலாது. ஊர் எதனை எரிக்கின்றதோ, அதனையே ஊரிலுள்ள ஒவ்வொருவரும் உயிர்த்தாக வேண்டும். இவ்வுண்மை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை கண்கூடாகின்றது. ஒன்று தீபாவளி, மற்றொன்று போகி. எவ்விழா யாருக்குரியது என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. எவ்விழாவின் புகையும் நுரையீரலுக்குப் புகையே.

வெடிமருந்தென்பது வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் சேர்ந்த கலவை. வண்ணங் காட்டுதற்கு அதில் மாழை உப்புகளைச் சேர்க்கின்றனர். பச்சைக்குப் பேரியம், நீலத்திற்குச் செம்பு. எரியுங்கால் எழும் கந்தக வளி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். மாழைகள் தூளாகி மிதக்கும். அத்தூளுள் மிக நுண்ணியது மயிரிழைத் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு கூறே. மூக்கின் மயிரும் சளியும் அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை அது செல்லும். ஒரு பகுதி குருதியிலும் கலக்கும். இந்நுண்தூள் ஒரு கனமீட்டர்க் காற்றில், ஒரு நாளின் சராசரியாக, 60 மைக்ரோகிராமுக்கு மிகலாகாதென்பது இந்திய அளவீடு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த அளவோ 15.

'பசுமை வெடி' என்று எழுதியிருப்பின் அச்சமில்லை என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. பழைய வெடிகளினும் நுண்தூளை நூற்றுக்கு முப்பதேனும் குறைப்பதே அவற்றின் இலக்கு. முப்பது குறைந்தால் எழுபது எஞ்சும். பத்து வெடி கொளுத்தியவன் 'பசுமை' என்னும் பெயரை நம்பி இருபது கொளுத்துவானாயின், பெயர்தான் பசுமை, புகை கருமையே.

ஓசையின்றி எரிவது தீங்கற்றதென்பதும் பொய். சிறுவர் கையிலுள்ள கம்பி மத்தாப்பும் பாம்பு மாத்திரையும் வெடிப்பதில்லை; ஆயினும் அவற்றின் புகை அடர்ந்தது. குனிந்து பார்க்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே எழுவது. உடலெடைக்கு ஏற்பப் பார்ப்பின் குழந்தை பெரியவரினும் மிகுதியாக உயிர்க்கின்றது.

புகை ஏன் உடனே கலைவதில்லை? இரவில் நிலம் குளிர, அதனையொட்டிய காற்றும் குளிர்கின்றது. மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்கின்றது. காற்றோட்டமும் அடங்கினால் புகை எழ வழியின்றித் தெருவிலேயே தங்கும். 2018 சனவரி 13-ஆம் நாள் போகி விடியலில் சென்னையில் இறங்க வேண்டிய வானூர்திகள் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டமை இதனாலேயே. பழம்பாயோடு நெகிழியையும் தொய்வ உருளிகளையும் எரித்த புகை, பனியோடு கலந்து ஊரை மறைத்தது.

இனிக் காப்பு முறைகள். உச்ச நயன்மன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கும் நேரமாக வகுக்கப்பட்டன. அந்நேரத்திற்கு முன்பே கதவு பலகணிகளை அடைக்க. வெயிலேறிப் புகை கலைந்தபின் திறக்க. அடைத்த அறையுள் ஊதுவத்தியும் கொசுச்சுருளும் கொளுத்தற்க. ஈரத்துணியை முகத்திற் கட்டுவதால் நுண்தூள் நில்லாது. 'என்-95' வகை மூச்சுமூடியே, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால், தூளைத் தடுக்கும். அதுவும் நச்சுவளியைத் தடுக்காது. ஈளை நோயர் உறிஞ்சுமருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க. மறுநாள் விடியலில் ஓட்டமும் கடும்பயிற்சியும் தவிர்க்க. வீட்டுத் தூளை உலர்ந்த துடைப்பத்தாற் கிளப்பாது, ஈரத்துணியால் துடைக்க. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் விடியட்டும் என்று காத்திராது 108-ஐ அழைக்க.

ஆயினும் அவையீர், கதவடைத்துக் கொள்வது கதவுடையார்க்கே இயலும். நடைபாதையில் உறங்குவோர்க்கு எந்தப் பலகணி? விடியுமுன் வெடித்தாட் குப்பையைக் கூட்டி அள்ளும் துப்புரவுத் தொழிலாளர்க்கு எந்த மூச்சுமூடி? ஒரு தெருவார் ஓரிரவு மகிழ்ந்த மகிழ்ச்சியின் கழிவை, அம்மகிழ்ச்சியில் பங்கேதும் பெறாதவர் தம் நெஞ்சுக்குள் வாங்குகின்றனர். இஃது அறமா?

ஆதலின் காப்பு வீட்டுக்குள் முடிவதன்று. வாங்குவதைக் குறைக்க வேண்டும். மருத்துவமனையருகும் முதியோர் வாழும் மனையருகும் கொளுத்தாதிருக்க வேண்டும். தெருவார் கூடி ஒரு திறந்த வெளியைத் தெரிந்து கொள்ள வேண்டும். தம் வாயிற் குப்பையை நீர் தெளித்துத் தாமே திரட்டி வைக்க வேண்டும். அள்ள வருவார்க்கு நல்ல மூச்சுமூடி கிடைக்குமாறு ஊராட்சியையும் நகராட்சியையும் வற்புறுத்த வேண்டும். பிறர் மூச்சைக் காப்பவனே தன் மூச்சையும் காத்தவனாவான். காற்றுக்குத் தனிச்சுவர் இல்லை.