குதிரைவீரனின் குறுந்துப்பாக்கி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் இலக்கியமும் மணக்கும் இம்மேடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கக்கூடும். அஞ்ச வேண்டா. நான் கூறவிருப்பது வெடித்து ஓய்ந்து நூறாண்டு கடந்தவற்றைப் பற்றியே. குதிரைப்படையினர் ஏந்திய 'கார்பைன்' என்னும் குறுந்துப்பாக்கியைப் பழம்பொருள் சேர்ப்போர் ஏன் இவ்வளவு விரும்பித் தேடுகின்றனர் என்பதே என் பொருள்.

காலாள் தரையில் ஊன்றி நின்று சுடுகிறான். குதிரைவீரனுக்கோ ஒரு கை கடிவாளத்தில். இருக்கையும் ஓயாது அசைகிறது. நீண்ட துப்பாக்கி அவனுக்குச் சுமை. எனவே குழலைக் குறுக்கினார்கள். அத்துடன் இடர் தீர்ந்ததா? இல்லை. மருந்தையும் குண்டையும் குழல்வாயில் இட்டு இரும்புக்கோலால் கெட்டிக்க வேண்டும். ஓடும் குதிரையில் அக்கோல் கைதவறினால் துப்பாக்கி வெறுங்கட்டையே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் செய்த பேஜட் கார்பைன் இதற்கு வழி கண்டது. அதன் குழல் 16 அங்குலமே. கோலைக் குழல்வாயருகே கீல் வைத்துப் பிணைத்தனர். சுழற்றிக் கெட்டிக்கலாம், கீழே விழாது.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இம்முயற்சி உச்சத்தை எட்டியது. வடபுல அரசு பதினைந்துக்கு மேற்பட்ட வகைக் கார்பைன்களை வாங்கிற்று. ஷார்ப்ஸ் கார்பைனில் நெம்புகோலைத் தாழ்த்தினால் இரும்புக்கட்டை இறங்கிக் குழலின் பின்புறம் திறக்கும். பர்ன்சைடு கூம்பு வடிவப் பித்தளைத் தோட்டாவை நம்பினார். ஸ்மித் கார்பைன் ரப்பர்த் தோட்டாவையும் ஏற்றது. ஸ்பென்சரோ அடிக்கட்டைக்குள்ளேயே ஏழு தோட்டாக்களை அடுக்கினார். அவருடைய துப்பாக்கியை 1863 ஆகஸ்டில் ஆபிரகாம் லிங்கனே சுட்டுப் பார்த்தார். வினா ஒன்று, விடைகள் பல. அவ்விடைகளை வரிசையாக வைத்துக் காண்பதே சேர்ப்போரின் முதல் இன்பம்.

இரண்டாவது இன்பம் அதனினும் நுட்பமானது. சேணத்தில் உராய்ந்து தேய்ந்த கட்டை, தோள்வாரில் மாட்டும் வளையம் அரித்த இரும்பு, சோதனை அதிகாரி மரத்தில் பதித்த முத்திரை, வரிசை எண் ஆகியவையே ஒரு கார்பைனின் வாழ்க்கை வரலாறு. சில எண்களைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, அது எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்றுகூடக் கண்டறிகின்றனர். இதனாலேயே நீண்ட துப்பாக்கியை அறுத்துக் கார்பைன் என்று விற்போரும், பொய் முத்திரை குத்துவோரும் தோன்றினர்.

இங்கே என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இளமையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் கீல்கோல் பொருந்திய கார்பைன் ஒன்றைக் கண்டேன். குழல் அடைபட்டு, சுடும் ஆற்றல் அறவே இழந்த முன்னோர் பொருள் அது. துருவும் அழுக்கும் கண்டு மனம் பொறாமல், நானே அமர்ந்து உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மாலையில் வந்த நண்பரின் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கட்டையில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் தடவி, "இங்கே எழுத்து இருந்ததே, தம்பி" என்றார். அவ்வளவே. அந்த எழுத்து எந்தப் படையைக் குறித்தது என்பதை இனி எவரும் அறியமாட்டார்.

கோயில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுபவனும் நல்லெண்ணத்தோடுதான் பூசுகிறான். அன்று நான் செய்ததும் அதுவே.

நம் நாட்டுச் சட்டமும் நினைவில் நிற்க வேண்டும். பழுதுபார்த்தால் சுடக்கூடிய துப்பாக்கி எவ்வளவு பழையதாயினும், 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கொல்லப் பிறந்த கருவி இது, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அதை ஏந்தியவனும், இழைத்த தச்சனும், உருக்கிய கொல்லனும் விட்டுச்சென்ற சாட்சியம் அதன் தேய்விலே உள்ளது. உங்கள் இல்லப் பரணில் எந்தப் பழம்பொருள் கிடைப்பினும், துடைக்கும் முன் ஒருகணம் படித்துப் பாருங்கள். அதுவே என் வேண்டுகோள்.