பூட்டிய வளவும் பக்கத்து வீடும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. இன்று நாங்கள் பேச நினைப்பது வீடுகளைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டைப் பற்றி.

நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ ஒரு நோயாளர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டால், கூட வந்தவர் யார் என்று கேட்போம். மகன் கனடாவில், மகள் பிரான்சில். "நான் பக்கத்து வீடு, டொக்டர்" என்பார் ஒரு அம்மா. கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தலும் மாற்றுச் சேலையும் இருக்கும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய 1 மணிநேரம். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தரைவழி. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பலன் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். அதில் கொஞ்ச நேரத்தையாவது மிச்சம் பிடித்துத் தருபவர், இரவில் முனகல் சத்தம் கேட்டு வேலியால் எட்டிப் பார்த்த அந்த அம்மாதான். அவருடைய வீடும் பூட்டிக் கிடந்திருந்தால் விடியத்தான் ஆள் வந்திருக்கும்.

எங்கள் தீவுகளில் வீடுகள் வெறுமையான கதை உங்களுக்குத் தெரியும். 1990 ஓகஸ்டில் ஊர்காவற்றுறை, வேலணைச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. எங்கள் வயதுக்காரர் அப்போது ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். திரும்பி வந்தபோது பல வீடுகளில் ஓடு இல்லை, கதவு இல்லை, தீராந்தியும் இல்லை. பலர் திரும்பி வரவேயில்லை. அது போரின் பூட்டு.

அதற்குப் பிறகு வந்தது கடனின் பூட்டு. இதைப் பற்றி வெளியில் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். 2009க்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்தன. சில பெண்கள் சேர்ந்து குழு. ஒருவருக்கு மற்றவர் பிணை. கிழமைக்குக் கிழமை தவணை. கடற்றொழில் கிழமைக்குக் கிழமை காசு தருகிற தொழிலா? சோளகம் கிளம்பினால் படகு கரையில். முதலில் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகும். பிறகு ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் காணி உறுதி தனியார் கைக்குப் போகும். ஒரு நாள் காலையில் பார்த்தால் வீடு பூட்டியிருக்கும். குடும்பம் வவுனியாப் பக்கமோ வேறெங்கோ போய்விட்டது என்று கதை வரும். வகுப்பில் ஒரு கதிரை காலி.

2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பெரிய கடன்காரரின் கதை வேறு. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம் விடலாம் என்ற சட்டமும் அதே 1990இல்தான் வந்தது. 2024இல் அதைச் சில காலத்துக்கு நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஒழுங்கைகளில் ஏல மணி அடிப்பது குறைவு. இங்கே வீடு சத்தமில்லாமல் போகும்.

எங்கள் முன்னோர் கடன் அறியாதவர்கள் அல்லர். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையில் ஒற்றி இருக்கிறது: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை அனுபவிப்பார். அதிலும் அநியாயம் நடந்திருக்கும். பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒற்றி பிடித்தவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். காணியில் விளக்கு எரிந்தது, கிணற்றில் தண்ணீர் அள்ளப்பட்டது.

கிணறு என்றதும் எங்கள் தொழிலுக்கு வருகிறோம். அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் சனம் வீடுகளை விட்டுப் போன 2007இல், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்ட் நகரில் வெஸ்ட் நைல் காய்ச்சல் திடீரென்று கூடியது. ஆராய்ந்து பார்த்தார்கள். கைவிடப்பட்ட வீடுகளின் நீச்சல் தடாகங்கள் பாசி பிடித்து நுளம்புக் குளங்களாகியிருந்தன. கடன் ஒரு வீட்டில், காய்ச்சல் அயல் முழுக்க. எங்களுக்கு நீச்சல் தடாகம் இல்லை, பாழுங்கிணறு இருக்கிறது. 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்குச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அது விரும்பி முட்டையிடும் இடங்களில் ஒன்று கிணறு. பூட்டிய வளவில் டெங்கு நுளம்புக்கும் இடமுண்டு, புடையன் பாம்புக்கும் இடமுண்டு.

இனி, நாங்கள் கண்ட சிலரைச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் கோபிப்பார்கள். இரண்டு பக்கமும் ஆளில்லாத வளவு. நடுவில் தனியே இருக்கும் ஒரு ஆச்சி. ஒவ்வொரு மாரிக்கும் முன்பு அந்த இரண்டு கிணற்றுக்கும் பழைய மீன்வலை கட்டிவிடுவார். நெடுந்தீவில் ஒரு ஐயா, போனவர்களின் கல்வேலியில் கல் விழுந்தால் எடுத்து அடுக்கிவிட்டுத்தான் தன் மாட்டைப் பார்க்கப் போவார். கடன் குழுவில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால், அவள் படலையில் போய் இருக்கும்படி மற்றவர்களுக்குச் சொல்லப்படும். அப்படிப் போன ஒரு பெண் நேரே குசினிக்குள் போய், பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று கண்டு, உலை வைத்துவிட்டு வந்தார். அந்தக் கிழமைத் தவணையையும் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். அவர்களும் கடன்காரர்தான். இப்படியானவர்களுக்கு விருது கொடுக்கிற மேடை எங்கேயும் இல்லை.

வெளிநாட்டு அக்காமாருக்கு ஒரு பயம் இருக்கிறது: பக்கத்து வீட்டாரை உள்ளே விட்டால், 10 வருடம் போனதும் ஆட்சியுரிமை கேட்பார்களே என்று. எங்களோடு படித்த சட்டத்தரணித் தோழி ஒருவரிடம் கேட்டோம். அந்த உரிமை, சொந்தக்காரருக்கு எதிராகத் தனக்கென்று ஆண்டு வருபவருக்குத்தான். உங்கள் அனுமதியோடு துப்புரவாக்குபவருக்கு அல்ல என்றார். ஆகவே அந்த அனுமதியை எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்திருங்கள். கூலியும் கொடுங்கள், கைம்மாறில்லாமல் 30 வருடம் செய்தது போதும். விற்கிற எண்ணம் இருந்தால், கொழும்புத் தரகருக்கு முன்பு அயலாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் ஆண்டுப் பிள்ளைகள் கூடி இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கும் பிள்ளையின் வீட்டு உறுதி கடனில் போயிருந்தால், அதை மீட்கத் தாய்க்கு வட்டியில்லாமல் கைமாற்று. தொகை சிறிது. திருப்பித் தரும் காலத்தைத் தாயே சொல்லலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று எந்த அறிக்கையிலும் போட மாட்டோம். நன்கொடை தருபவர்கள் அதைக் கேட்கவும் வேண்டாம்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் ஊர், ஒழுங்கை, கிணறு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, பக்கத்து வீட்டாரின் பெயர் என்று நான்கு நிரல். கடைசி நிரலை நிரப்ப முடியாதவர்கள், திரும்பிப் பறக்க முன்பு ஒருக்கால் அந்தப் பக்கம் போய்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கொப்பி ஞாயிற்றுக்கிழமை மாலை வரை இருக்கும்.