பழைய கிதாரும் பழைய போலி முத்தும்



மின் கிதாரின் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த மரப்பலகை. அதன் குறுக்கே வரிசையாக ஃபிரெட் கம்பிகள்; வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான். இடையிடையே வெள்ளையாகப் புள்ளிகளோ கட்டங்களோ பதித்திருக்கும். மூன்றாவது ஃபிரெட், ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று வாசிப்பவர் கண்ணுக்கு அவை அடையாளம். அறுபது வருடம் வாசித்த கிதாரில் அப்படிப் பதித்த ஒரு துண்டு சுருங்கி, வெடித்து, விழுந்துவிட்டால் அந்தக் குழியில் எதை வைப்பது? இதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

சிப்பி ஓட்டில் ஒரு துண்டு அறுத்து வைத்தால் தீர்ந்தது என்று முதலில் தோன்றும். எல்லாக் கிதாருக்கும் அது சரிவராது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். அங்கிருந்த கிப்சன் தொழிற்சாலை 1952-ல் லெஸ் பால் என்ற மின் கிதாரை வெளியிட்டது. அதன் கழுத்தில் ஒன்பது சரிவகங்கள், பள்ளிக்கூட ஜியோமிதியில் வரைந்தோமே, அதே வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் முத்துச்சிப்பி போலவே மின்னும். ஆனால் அது சிப்பி அல்ல, செல்லுலாய்டு. 1954-ல் அதே நிறுவனம் கறுப்பாகப் பளபளக்கும் லெஸ் பால் கஸ்டம் என்ற விலை கூடிய மாடலைக் கொண்டுவந்தபோதுதான் கருங்காலிப் பலகையில் நிஜச் சிப்பியைப் பதித்தது. 1958 முதல் 1960 வரை வந்த, கஸ்டம் அல்லாத சில லெஸ் பால்கள் இன்று கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலை போகின்றன. அவற்றில் இருப்பதும் அந்தப் போலி முத்துதான். அதை எடுத்துவிட்டு அசல் சிப்பியை வைத்தால் கிதாரின் மதிப்பு இறங்கும். ஆகவே, பழுதுபார்ப்பவர் தேடி அலைவது அந்தக் காலத்துப் போலியை.

செல்லுலாய்டே ஒரு மாற்றுப் பொருளாகப் பிறந்ததுதான். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் தட்டுப்பாடான காலத்தில், 1860-களின் கடைசியில், ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதோடு கற்பூரத்தைக் கலந்து அழுத்தி இதை உருவாக்கினார். ஆமாம், நாம் கோயிலில் ஏற்றும் அதே கற்பூரம். பிற்பாடு இதிலிருந்து சீப்பு, பொத்தான், பேனா, திரைப்படச் சுருள், டேபிள் டென்னிஸ் பந்து எல்லாம் வந்தன. முத்தின் மினுமினுப்பு வேண்டுமென்றால் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைக்கூட அதில் கலந்தார்கள்.

அந்தக் கற்பூரம்தான் இதற்குப் பலமும் பலவீனமும். வருடக்கணக்கில் அது மெல்ல ஆவியாகிறது, பொருள் சுருங்குகிறது. சரிவகத்தைச் சுற்றி முடியளவு இடைவெளி விழும், ஓரம் மேலே எழும்பும். இன்னும் மோசமானால் செல்லுலாய்டே சிதையத் தொடங்கி நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். ஈரக் காற்றோடு சேர்ந்து அவை அமிலமாகி, பக்கத்திலிருக்கும் உலோகத்தில் பச்சை பூக்கும். காற்றுப் போகாத பெட்டியில் பூட்டி வைத்த கிதாரில் இது வேகமாக நடக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டியதே கேடாக முடியும்.

ஒரு துண்டு நிஜமாகவே செல்லுலாய்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிப்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மூக்கருகே கொண்டுபோங்கள். லேசாகக் கற்பூர வாசனை வரும். இந்தச் சோதனைக்கு நம் ஊர் மூக்கு போதும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். குப்பென்று பற்றும் சாமான் இது. அதேபோல, கழுத்தைத் துடைக்க அசிட்டோனைத் தொடாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் அது இருக்கிறது. செல்லுலாய்டு அதில் கரைந்து இளகிவிடும்.

சரி, மாற்று எங்கே கிடைக்கும்? பழுதுபார்ப்பவர்கள் நன்றாக அறிந்த ஒரு சுரங்கம் உண்டு: பாழடைந்த அக்கார்டியன். 1930-களிலிருந்து 50-கள் வரை அக்கார்டியன்களின் உடலை முத்து நிறச் செல்லுலாய்டால் போர்த்தினார்கள். டிரம்களின் மேல் உறையும் அப்படித்தான். துருத்தி கிழிந்து, கட்டைகள் உதிர்ந்து, இனி வாசிக்கவே முடியாது என்று ஆன அக்கார்டியனின் தோலை உரித்தால், அதே வயது, அதே பழுப்பு, அதே அலையோட்டம் உள்ள தகடு கையில் கிடைக்கும். குறை ஒன்றுதான், தகடு மெல்லியது. குழியில் அப்படியே ஒட்டினால் அடியிலிருக்கும் கறுத்த மரம் ஊடுருவித் தெரிந்து முத்து சாம்பல் பூத்துவிடும். ஆகவே அடியில் வெள்ளையோ பாலேட்டு நிறமோ உள்ள தகட்டை ஒட்டி, கனம் சேர்த்துத்தான் இறக்குவார்கள்.

நிறம் பார்ப்பதில்தான் கைத்திறன் தெரியும். உப்புத்தாள் பட்ட துண்டு மங்கலாகக் கிடக்கும். அதை அப்படியே பார்த்து நிறம் சொல்ல முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு நனைத்தால், மெருகேற்றிய பிறகு வரப்போகும் நிறம் அந்தக் கணத்தில் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, பக்கத்துச் சரிவகத்தின் அலையும் புதுத் துண்டின் அலையும் ஒரே கோணத்தில் மின்னுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் முத்துத் தகடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. வெண்மை அதிகம், அலைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்.

பொருத்துவது வேறு வேலை. கிப்சன் பலகை தட்டையானதல்ல, 12 அங்குல ஆரமுள்ள வளைவு. துண்டை ஒட்டிவிட்டுப் பலகையோடு சேர்த்துத் தேய்த்தால், அறுபது வருட விரல்கள் மெருகேற்றிய மரம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். துண்டை வெளியிலேயே வளைவுக்கு இழைத்து, பலகையைத் தொடாமல் உட்கார வைப்பவரே நல்ல தொழிலாளி. ஓரத்து இடைவெளியை, பலகை செய்த அதே ரோஸ்வுட் என்ற ஈட்டி வகை மரத்தின் தூளையும் பசையையும் குழைத்து அடைப்பார்.

ஃபெண்டர் என்ற இன்னொரு நிறுவனத்தின் கிதார்கள் கதை வேறு. அதன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மாடலில் 1959-லிருந்து கறுத்த ரோஸ்வுட் பலகை வந்தது. அதில் கால் அங்குல விட்டமுள்ள, பளபளப்பில்லாத வெளிர் புள்ளிகளைப் பதித்தார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றைக் களிமண் புள்ளி என்பார்கள். களிமண் அல்ல, சும்மா அப்படிப் பெயர். 1964 கடைசி வாக்கில் முத்துப் புள்ளிகள் அந்த இடத்தைப் பிடித்தன. பழைய வெளிர் புள்ளிக்கு மாற்றாக எலும்பு, நார்த்தகடு, பழைய பொத்தான் என்று ஆளாளுக்கு ஒன்றை வைக்கிறார்கள். கழுத்தின் பக்கவாட்டில் வரும் சின்னப் புள்ளிகளுக்கு பிளாஸ்டிக் பின்னல் ஊசியைச் சீவி வைப்பவர்கள்கூட உண்டு. சிரிக்காதீர்கள், அச்சாகப் பொருந்தும்.

நிஜச் சிப்பி தேவைப்படும் கிதார்களுக்கு வேறு தொல்லை. வானவில் நிறம் காட்டும் அபலோன் சிப்பியைக் கலிபோர்னியாவில் வணிகத்துக்காகப் பிடிப்பது 1997-ல் நின்றது. அங்குள்ள வெள்ளை அபலோன் 2001-ல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. வளர்ப்புச் சிப்பியும், மெல்லிய சிப்பி ஏடுகளை அடுக்கி ஒட்டிய தகடுகளும் இன்று கிடைக்கின்றன. எதுவானாலும் அறுக்கும்போது தூள் நுரையீரலுக்குள் போகாமல் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூர் வீணையிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் தந்தமும் மான்கொம்பும் அலங்கரித்த ஓரங்களில் இன்று பிளாஸ்டிக். அதனால் வீணை வீணையில்லாமல் போய்விடவில்லை. மாற்றியதில் தவறில்லை, மாற்றியதை மறைத்து விற்பதுதான் தவறு என்பேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பரணில் உடைந்த அக்கார்டியன் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒரு கிதார் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பழைய கிதாரைச் சரிசெய்ய விட்டால், எந்தக் கட்டத்தில் என்ன பொருள் வைத்தார் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்கும் நாளில் அந்த ரசீதும் கிதாரோடு போகட்டும்.