எஞ்சின் மாறினால் புத்தகமும் மாற வேண்டும்



இறம்பொடை ஏற்றத்தில் பழைய வேன் மூச்சு வாங்கினால், "வேற எஞ்சின் ஒண்ணு போட்ருவோம்" என்பார் கராஜ் பாஸ். போடலாம், தப்பில்லை. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது என்பதைத்தான் நாங்கள் இன்று சொல்ல வந்தோம்.

பதிவுப் புத்தகத்தில் செசி நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள் வகை எல்லாம் பதிந்திருக்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பெட்ரோலைக் கழற்றி டீசல் போட்டால் எரிபொருள் வகையையும் திருத்தணும்.

எஞ்சின் வாங்கும்போதே பில் கேளுங்கள். நம்மாட்கள் கோட்டை விடுவது இங்கேதான். "விலை குறைச்சுத் தர்றேன், பில் கேக்காதீங்க" என்றால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். திருட்டு வாகனத்தில் கழற்றியதாகவும் இருக்கலாம் அல்லவா? பில்லில் எஞ்சின் நம்பர் இருக்கணும். வெளிநாட்டிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் வேண்டும். லீசிங் வாகனமென்றால் கம்பனியின் சம்மதக் கடிதம். பிறகு வாகனப் பரிசோதகர் நம்பரைப் பார்த்து அறிக்கை தருவார்.

நாலு குடும்பம் சீட்டுக் காசு போட்டு வாங்கிய வேன், ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப்போகும் வேன். விபத்தென்று வந்தால் நம்பர் பொருந்தாததைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் நட்டஈட்டை இழுத்தடிக்கலாம். விற்கப் போனாலும் வாங்குபவர் பின்வாங்குவார்.

கொழும்புக்குப் பஸ் ஏறுமுன் எல்லாக் கடதாசிக்கும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். படிவம் விளங்காவிட்டால் தமிழில் கேளுங்கள்; 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழிதான்.