பரிணாமப் பாடமும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் கல்வி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனொருவன் உயிர்நூலைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் அன்பர் ஒருவர் தம் மகனையும் உடனழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். “ஐயா, மனிதன் குரங்குக்குப் பிறந்தவன் என்று பள்ளியில் இவனுக்குக் கற்பிக்கின்றார்களாம். தாங்கள் சொல்லி அதனை நிறுத்தவேண்டும்” என்றார். அவர் நல்லவர், தெய்வப் பற்று மிக்கவர். அன்று அவருக்கு யான் கூறிய விடையையே இன்று சற்று விரித்துக் கூற விழைகின்றேன்.

முதற்கண் நாட்டில் நிகழ்ந்ததைச் சொல்லுவேன். 2018 ஜனவரித் திங்களில், மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்தியபால் சிங் என்பார், டார்வின் கொள்கை தவறானது என்றும், குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை என்றும், பாடத்தை மாற்றவேண்டும் என்றும் பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் ஒருங்கே அதனை மறுத்தன. பின்னர், கோவிட் நோய்க் காலத்தில் மாணவர் சுமையைக் குறைப்பதாகக் கூறி, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு பத்தாம் வகுப்பு நூலினின்று பரிணாமத்தை நீக்கிற்று. ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் 2023இல் ‘மரபு’ என மட்டும் நின்றது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் அவ்வாண்டு ஏப்ரலில் கையொப்பமிட்டுத் தம் கவலையைத் தெரிவித்தனர்.

பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உள்ளதே என்பது குழுவினர் விடை. ஆனால் அங்கே அதனைப் பயில்வோர் உயிரியல் எடுத்தவர் மட்டுமே. வணிகவியல் கற்று மில் கணக்கிற்கும், தொழில் கற்றுப் பட்டறைக்கும், படிப்பை நிறுத்தித் தோட்டத்திற்கும் செல்லும் நம் பிள்ளைகட்கு உயிர்நூலோடு உள்ள உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றது. நம் மாநில அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப்பாடமே உண்டு. ஆயினும் கோவை, ஈரோடு, திருப்பூர் ஆகிய ஊர்களில் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். ஆகலின் இது டில்லிச் செய்தி என்று நாம் வாளா இருத்தல் ஆகாது.

அமெரிக்காவில் டென்னசி மாகாணம் 1925இல் இப்பாடத்தைச் சட்டமிட்டே தடுத்தது. ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர்க்கு 100 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அச்சட்டம் நீங்க 1967 வரை ஆயிற்று. நம் நாட்டில் எவரும் தண்டிக்கப்பட்டிலர். பக்கங்கள் நீக்கப்பட்டன, அவ்வளவே. எனினும் பாடத்தை நீக்குதல் எளிது, மீட்டல் அரிது என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

இனி, அப்பாடம் கூறுவதுதான் யாது? இன்றைய குரங்கு மனிதனைப் பெற்றது என்று எந்நூலாரும் கூறிற்றிலர். நம்முள் பங்காளிகள் என்போர் யாவர்? ஒருவரை ஒருவர் பெற்றவர் அல்லர். இருவர்க்கும் மேலே ஒரு பாட்டன் இருந்தான் என்பதே பொருள். சிம்பன்சி என்னும் வாலில்லாக் குரங்கின் கிளையும் நம் கிளையும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகட்கு முன் பிரிந்தன. அது நமக்குப் பாட்டனன்று, தூரத்துப் பங்காளி. ‘எவர் கண்டார்?’ எனின், நம் ஏழாம் பாட்டனையுந்தான் எவரும் கண்டதில்லை. கோயிற் கல்வெட்டையும் செப்புப் பட்டயத்தையும் காணியாட்சியையும் கொண்டு அவனை நிறுவுகின்றோம். அவ்வாறே கல்லாகிய எலும்புகளையும், உயிரணுக்களில் பதிந்துள்ள மரபுக் குறிகளையும் கொண்டு இவர்கள் நிறுவுகின்றனர்.

அன்பர்களே! இக்கொள்கையின் ஒரு பாதியை நம்மவர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வறட்சியிலும் வண்டியிழுக்கும் காங்கயம் மாடு தானே அமைந்ததன்று. நல்ல காளையைத் தேர்ந்து, அதன் வழியையே பெருக்கிய பழையகோட்டைப் பட்டக்காரர் முதலியோரின் உழைப்பு அதில் உண்டு. 1912இல் நம் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பார்பரும் வெங்கடராமனும் நாட்டுக் கரும்போடு காட்டு நாணலைக் கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918இல் வெளிவந்து வடநாட்டு வயல்களிற் பரவிற்று. டார்வினும் 1859இல் வெளியிட்ட தம் நூலை, மனிதர் வளர்க்கும் புறா முதலியவற்றில் காணும் மாறுதல்களினின்றே தொடங்கினார். மனிதன் தேர்வது போல இயற்கையும் தேர்கின்றது என்பதே அவர் கண்டது.

அவ்வியற்கைத் தேர்வை அறியாமையால் உழவர் அடைந்த இழப்பு ஒன்றைக் கேளுங்கள். 2002இல் நம் நாட்டில் பிடி பருத்திக்கு இசைவு கிடைத்தது. அதன் காயைத் தின்ற புழு மடிந்தது. அவ்விதைப் பையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தந்து, வயலின் ஓரத்தில் விதைக்கச் சொன்னார்கள். ‘புழு தின்னவா ஒரு வரிசை?’ என்று பலர் அதனை விதையாது விட்டனர். சில ஆண்டுகளில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி பருத்தியைத் தின்றும் சாகாது பெருகிற்று. ‘புழு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்றனர். பழகியது அன்று. நஞ்சைத் தாங்கும் புழுக்கள் சில முன்னரே இருந்தன. மற்றவை மடிய, எஞ்சிய அவை தம்முட் கூடி ஈன்ற வழியே வயலை நிறைத்தது. ஓரத்து வரிசையில் நஞ்சு தாங்காத புழுக்கள் பிழைத்து அவற்றோடு கலந்திருப்பின், அவ்வழி அத்துணை விரைவில் ஓங்கியிராது. அந்தச் சிறு பொட்டலத்தின் பொருளை விளக்குவது எப்பாடமோ, அப்பாடமே நீக்கப்பட்டது. உழவன் மகனுக்கு இது வேண்டாத சுமையா?

ஈண்டு என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ளுகின்றேன். ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகத் தொல்காப்பியர் வகுத்ததைக் காட்டி, ‘டார்வினுக்கு முன்னரே தமிழர் பரிணாமம் கண்டனர்’ என்று ஒரு மேடையில் முழங்கினேன். உடன் பணிபுரியும் விஞ்ஞான ஆசிரியர் பின்னர் என்னிடம், “ஓருயிரினம் மற்றோரினமாக மாறிற்று என்று அவர் சொன்னாரா?” என்று வினவினார். சொல்லவில்லை. அது வகுப்புமுறை, மிக நுட்பமானது, ஆனால் பரிணாமம் அன்று. இல்லாததை ஏற்றிக் கூறுதல் தொல்காப்பியர்க்குப் பெருமையாகாது.

தெய்வ நம்பிக்கை கெடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். கடல்நீர் ஆவியாகி மழையாகின்றது என்று பள்ளியிற் கற்றோம். அதனால் மாரியம்மன் பொங்கல் நின்றுவிட்டதா? படைப்பு நிகழ்ந்த முறையை ஆராய்தல் படைத்தவனை மறுத்தலாகாது.

இன்னும் ஒன்று உண்டு. அதனைக் கூறாது விடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அன்று பங்காளிக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்த அச்சிறுவன், “ஐயா, அப்படியாயின் ஊர்ப்புறத்தே வாழ்வாரும் நமக்குப் பங்காளிகளா?” என்றான். தந்தை என் முகத்தை நோக்கினார். “ஆம். உலகத்து மக்கள் யாவரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தின் கிளைகள். அவ்வினத்திற்கு வயது ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டு. அக்கணக்கில் நம் குலங்களெல்லாம் நேற்றுத் தோன்றியவை” என்றேன். குரங்கின் உறவினும் இவ்வுறவே நம்முட் சிலர்க்குக் கசக்கின்றது போலும். குலம் பேணும் இச்சங்கத்தில் இதனைச் சொல்லுகின்றேன், பொறுத்தருள்க. உண்மை கசப்பினும் பிள்ளைகட்கு அதனை மறைத்தல் தகாது. அன்பர் நெடுநேரம் வாளா இருந்தார். விடைபெறுங்கால், பாடத்தை நிறுத்தும்படி அவர் மீண்டும் கேட்கவில்லை.

பெற்றோர்களே! நுங்கள் பிள்ளைகள் பயிலும் பள்ளி எதுவாயினும், பரிணாமம் கற்பிக்கப்படுகின்றதா என்று கேளுங்கள். நூலில் இல்லையெனின், நம் மாநில நூலைக் கொண்டேனும் கற்பிக்குமாறு வேண்டுங்கள். சங்கத்தின் வாசகசாலையில் அந்நூற் படிகள் சில வாங்கி வைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன்.