பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவோம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொடக்கக் கல்வியை மேம்படுத்துவது குறித்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தவற்றுள் நமக்குப் பயன்படும் சிலவற்றைக் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர்.

1927-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் இப்பொருள் பற்றிப் பேசினார். பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர் என்று எடுத்துக்காட்டினார். சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் வாழ்நாள் முழுதும் மறவாத எழுத்தறிவு பெற்ற பின்னரே பள்ளியை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை எட்டிவிடுகின்றனர். ஆனால், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் படிக்க இயலாதோர் அவர்களுள் பலர். 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வுகள் இதனைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

“இவர்களுக்குப் படிப்பு ஏறாது” என்பார் உண்டு. அவர்களுக்கு விடையாக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஹாஃப், பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பள்ளி மாணவர்களிடம் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தனர். சாதியைக் குறிப்பிடாதபோது, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் மற்றவர்களுக்கு நிகராகவே புதிர்களை விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவர் சாதியையும் அறிவித்தபோது, அதே சமூகத்து மாணவர்களின் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 2004-இல் இம்முடிவு வெளியாயிற்று. உதவித்தொகைக்கு உரியவர்களைச் சாதி சொல்லி எழுந்து நிற்கச் செய்யும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குறை பிள்ளையின் மூளையில் இல்லை.

பின் எங்கே இருக்கிறது? பாடநூல் தன் வேகத்தில் ஓடுகிறது. முதல் வகுப்பில் எழுத்துக்களைப் பிடிக்கத் தவறிய பிள்ளை, மூன்றாம் வகுப்பில் எதையும் பிடிக்க இயலாமல் பின்தங்கிவிடுகிறது. வீட்டில் கைகொடுப்பார் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கே இந்த இடர் மிகுதி.

மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ என்னும் அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. அப்பகுதிகளிலேயே வாழ்ந்த, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் ‘பால்சகி’ என்னும் பெயரில் பயிற்சி பெற்றனர். பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 15 முதல் 20 பேரைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பித்தனர். பானர்ஜி, டுஃப்லோ முதலியோர் இதனை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். மதிப்பெண்கள் உயர்ந்தன, மிகவும் பின்தங்கியிருந்தோரே மிகுதியும் முன்னேறினர்.

இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஆய்வு இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் அது நடந்தது. சில ஊர்களில் கூட்டம் கூட்டிப் பெற்றோரின் உரிமைகளையும் கல்விக் குழுவின் கடமைகளையும் விளக்கினர். சில ஊர்களில் பிள்ளைகளின் படிக்கும் திறனைச் சோதித்தறியவும் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தனர். இவ்விரண்டாலும் பிள்ளைகளின் படிப்பு உயரவில்லை. மற்றும் சில ஊர்களில் தொண்டர்களுக்குச் சில நாள் பயிற்சியளித்து, வாசிப்பு முகாம் நடத்தச் செய்தனர். அம்முகாமிற்கு வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். ஆயினும், படிக்கத் தெரியாத பிள்ளைகளுள் வந்தோர் சிறு பகுதியினரே.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். கூட்டம் மட்டும் எழுத்தறிவு தராது. நான் இன்று பேசும் இக்கூட்டத்திற்கும் இது பொருந்தும். முகாமைத் திறந்து வைத்துக் காத்திருந்தாலும் போதாது. வீட்டுக்கு வீடு சென்று பிள்ளையை அழைத்து வர வேண்டும்.

ஆகவே, நம் தெருவில் பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த தம்பி, தங்கையரை வேண்டுகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என்ற வரிசையில் படிக்கச் செய்யுங்கள். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலேயே குழுவாக அமர்த்துங்கள். அங்கிருந்து கற்பியுங்கள். திங்கள்தோறும் மீண்டும் சோதித்து, முன்னேறிய பிள்ளையை அடுத்த குழுவிற்கு மாற்றுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் விவரத்தைச் சொல்லுங்கள். இதனால் அரசின் பொறுப்பும் ஆசிரியரின் கடமையும் குறைந்துவிடா. அவற்றை வற்புறுத்திக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், அவை நிறைவேறும் வரை பிள்ளையின் வயது காத்திராது.

சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி, நம் தெருவில் படிக்கத் தெரியாத ஒரு பிள்ளையும் ஐந்தாம் வகுப்பைக் கடவாதிருக்கச் செய்வதாகுக.